பழைய நீராவிக் கப்பல் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆல்பத்தில் கிடைத்த நீராவிக் கப்பல் படத்தில் தேதி இல்லை, பெயரும் தெளிவாக இல்லை, ஆண்டை எப்படிக் கணிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மூன்று ஆண்டுகளைப் பிரித்து வையுங்கள்: கப்பல் கட்டிய ஆண்டு, படம் எடுத்த ஆண்டு, கையில் இருக்கும் பிரிண்ட் போட்ட ஆண்டு. 1895இல் எடுத்த நெகட்டிவிலிருந்து 1960இலும் பிரிண்ட் போடலாம். கப்பல்களோ முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஓடின. அதனால் படத்தில் தெரியும் பழைய அம்சம் எதையும் உறுதிப்படுத்தாது. கடைசியாக வந்த புது அம்சம் எதுவோ, அதுதான் "இதற்கு முன் எடுத்திருக்க முடியாது" என்று சொல்லும்.

ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கழன்று வந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். அஞ்சலட்டையாக இருந்தால் பின்பக்கம் பெரிய உதவி: முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்ட அட்டையை பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும்தான் அனுமதித்தன.

அடுத்து பத்து மடங்கு உருப்பெருக்கியில் தாளைப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு, புகைப்படப் பிரிண்ட் அல்ல. பழுப்பேறிய படத்தில் தாளின் நார் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஆல்புமென், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். 1850களிலிருந்து 1890கள் வரை அதுதான் பரவலான முறை. இருண்ட பகுதிகளின் ஓரத்தில் வெள்ளிப் பளபளப்பு படர்ந்திருந்தால் பெரும்பாலும் ஜெலட்டின் பூசிய தாள். புற ஊதா டார்ச் அடிக்கும்போது தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், பிரிண்ட் ஏறக்குறைய 1950க்குப் பிந்தையது. படம் எடுத்த ஆண்டை இது சொல்லாது.

இனி கப்பல். பெரிய பயணிகள் கப்பல்களில் பாய் விரிக்கும் குறுக்குக் கம்பங்கள் 1890களில் மறைந்தன. சரக்குக் கப்பல்களில் இந்த மாற்றம் சீராக நடக்கவில்லை, அதனால் அங்கே இதை நம்ப வேண்டாம். இரண்டு பாய்மர உச்சிகளுக்கு நடுவே கம்பியில்லாத் தந்தியின் ஏரியல் (அலைவாங்கிக் கம்பிகள்) இருந்தால் படம் 1900க்குப் பிந்தையது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாய்மரங்களைப் பிணைக்கும் ஒற்றைக் கம்பியும் அதே இடத்தில் ஓடும். ஏரியல் என்றால் இணையாகப் பல கம்பிகள், அவற்றை விலக்கிப் பிடிக்கும் குறுக்குத் தடி, ஓர் அறையை நோக்கி இறங்கும் கம்பி ஆகியவை தெரியும். மோசமான ஸ்கேனில் இவை காணாமல் போகும். அஞ்சலட்டை அச்சிட்டவர்கள் வானத்தைத் திருத்தும்போது அழித்தும் விடுவார்கள். ஆகவே ஏரியல் இருந்தால் சாட்சி, இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

உயிர்காப்புப் படகுகளையும் எண்ணுங்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய பிறகே பயணிகள் கப்பல்களில் படகுகள் நெருக்கமாக நிறைந்தன. டைட்டானிக் என்ற பெயரில் சுற்றும் படங்களில் பல அதன் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்குடையவை. உலாவும் மேல்தளத்தின் முன்பாதி சன்னல்களால் அடைபட்டிருந்தால் டைட்டானிக். நீளம் முழுக்கத் திறந்திருந்தால் ஒலிம்பிக். அந்த ஒலிம்பிக்கில் படகுகள் வரிசையாக நிறைந்திருந்தால், 1912 கடைசியில் தொடங்கிய மறுசீரமைப்புக்குப் பின் எடுத்த படம்.

புகைபோக்கியின் நிறத்தை வைத்து நிறுவனத்தை ஊகிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அக்காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் பயன்பட்ட புகைப்படத் தகடுகள் நீலத்தை வெளிறவும் சிவப்பைக் கறுப்பாகவும் மஞ்சளை அடர்ந்த சாம்பலாகவும் பதிந்தன. எல்லா நிறத்தையும் உணரும் தகடு 1906இல்தான் விற்பனைக்கு வந்தது, பரவ மேலும் காலம் பிடித்தது. கறுப்பு உச்சியோடு சிவப்பாக இருந்த குனார்ட் நிறுவனத்தின் புகைபோக்கி, பழைய படங்களில் ஒரே இருட்டாக நிற்கும். முழுக்கறுப்பு என்று முடிவுகட்டித் தேடினால் வேறு நிறுவனத்தில் போய் நிற்பீர்கள். அமரத்தில், அதாவது பின்முனையில், பெயருக்குக் கீழே பதிவுத் துறைமுகத்தின் பெயரும் இருக்கும். முதல் இரண்டு எழுத்து படிக்க முடிந்தாலே தேடல் சுருங்கிவிடும்.

பெயர் கிடைத்ததும், கப்பல்களின் விவரங்களைப் பட்டியலிடும் லாயிட்ஸ் பதிவேட்டின் ஆண்டுத் தொகுதிகளுக்குப் போங்கள். கட்டிய ஆண்டு, கட்டியவர், டன் கொள்ளளவு, நீளம், முந்தைய பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும், அதனால் புகைபோக்கிகளின் எண்ணிக்கையும் நீளமும் படத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கப்பல் பெயர் மாறிய ஆண்டு தெரிந்தால், படத்தில் தெரியும் பெயரே மேல் எல்லையோ கீழ் எல்லையோ ஆகிவிடும்.

கிடைத்த முடிவை ஒற்றை ஆண்டாக எழுதாதீர்கள். "1900க்குப் பின், 1912க்கு முன், காரணம்: பாய்மர உச்சிகளுக்கு நடுவே ஏரியல், 1912இல் மாற்றிய பெயருக்கு முந்தைய பெயர்" என்று உறையின் மேல் பென்சிலால் குறித்து, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.