ஆதாரம் இருக்கிறது; ஆனால் தாங்குகிறதா?

கேள்வி: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியை என் மகளுக்கு அடுத்த வாரம் போட வேண்டும். அது ஆட்டிசத்தை உண்டாக்கும் என்று நாத்தனார் ஒரு நீண்ட கட்டுரை அனுப்பியிருக்கிறார். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வே ஆதாரம் என்கிறது அது. எங்கள் மருத்துவரோ பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். இரண்டு பக்கமும் ஆதாரம் காட்டினால் நான் எதை நம்புவது?

பதில்: முதலில், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். காரணத்தை அந்தக் கட்டுரையை வைத்தே சொல்கிறேன்.

ஆதாரம் இல்லாத வாதம் அபூர்வம். காட்டும் ஆதாரம் முடிவைத் தாங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பழைய தருக்க நூல்களில் இதற்கு நல்ல சொற்கள் உண்டு. ‘மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய முடிவு. ‘புகை தெரிவதால்’ என்பது ஏது, அதாவது அதற்குக் காட்டும் காரணம். ‘அடுக்களையில் காண்பதுபோல’ என்பது எடுத்துக்காட்டு. வாதம் முழுவதும் ஏதுவின் மேல்தான் நிற்கிறது. தூரத்தில் தெரிவது புகையா, பனிமூட்டமா? நெருப்பே இல்லாவிட்டாலும் அதே காட்சி தெரியும் என்றால், அந்த ஏது எதையும் தாங்கவில்லை.

இனி 1998க்கு வருவோம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். அவர்களில் 8 பேரிடம், தடுப்பூசிக்குப் பிறகே மாற்றம் தெரிந்ததாகப் பெற்றோரோ மருத்துவரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பெற்றோரின் வேதனையை நான் துளியும் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தத் தடுப்பூசியின் முதல் தவணை பெரும்பாலும் ஒரு வயதையொட்டிப் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் பல குழந்தைகளிடம் அதற்கடுத்த மாதங்களில்தான். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், ‘ஊசி போட்ட பிறகுதான் இப்படி ஆனது’ என்று சொல்லும் பெற்றோர் ஏராளமாக இருந்தே தீருவார்கள். பனிமூட்டம் என்றேனே, அது இதுதான். ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். அந்த ஆய்வில் அப்படி ஒரு ஒப்பீடு இல்லை. தொடர்பை நிரூபிக்கவில்லை என்று அந்த ஆய்வறிக்கையே எழுதியிருந்தது என்பதையும் நாத்தனாரிடம் சொல்லுங்கள். 2010இல் லான்செட் இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த ஒப்பீட்டை டென்மார்க்கில் செய்தார்கள். 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. ஊசி காரணமாக இருந்திருந்தால் அங்கே அது தெரிந்திருக்க வேண்டும். முடிவு பொய்யாக இருந்தால் பொய் என்று காட்டிவிடக்கூடிய சோதனையைத் தாண்டி வந்த ஆதாரத்தைத்தான் வலுவானது என்பேன்.

வலுவில்லாத வாதத்துக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. மறுப்பு வந்ததும் வாதம் இடம் மாறுகிறதா என்று கவனியுங்கள். இந்த விஷயத்தில், பாதரசம் கலந்த தையோமெர்சால் என்ற பதப்படுத்தும் பொருள்தான் காரணம் என்ற பேச்சும் எழுந்தது. உங்கள் மகளுக்குப் போடவிருக்கும் இந்தத் தடுப்பூசியில் அது ஒருபோதும் சேர்க்கப்பட்டதில்லை.

உங்கள் மருத்துவரிடமும் இதே கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: ‘எதோடு ஒப்பிட்டுப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?’ நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தத் தடுப்பூசியின் பக்கவிளைவுகள் தெரிய வந்ததும் ஒப்பீட்டால்தான். பின்லாந்தில் 581 இரட்டைக் குழந்தைச் சோடிகளில் ஒருவருக்குத் தடுப்பூசியும் மற்றவருக்குத் தடுப்பு மருந்து இல்லாத வெற்று ஊசியும் போட்டு, பிறகு மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். 1986இல் அதன் முடிவு வந்தது. ஊசிக்குப் பின் வந்த தொந்தரவுகளில் பெரும்பாலானவை வெற்று ஊசிக்குப் பிறகும் வந்தன. காய்ச்சல், தடிப்பு போன்ற சில மட்டும் தடுப்பூசிக்குப் பிறகு சற்றுக் கூடுதல். ஆகவே ஊசி போட்ட 7 முதல் 12 நாட்களுக்குள் மகளுக்கு உடம்பு சுட்டால் பதற வேண்டாம். அப்போது என்ன மருந்து, எவ்வளவு தருவது என்பதை ஊசி போடும் அன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.