ஒரு பாம்பா, இரண்டு பாம்புகளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள், மாணவர் மலரின் அட்டைக்கு ஒரு சின்னம் வரைகிறாள். சில சின்னங்களில் கோலைச் சுற்றி ஒரு பாம்பும், வேறு சிலவற்றில் சிறகு வைத்த கோலில் இரண்டு பாம்புகளும் இருக்கின்றன. எது சரி என்று கேட்கிறாள். இந்தியக் கல்லூரிகளுக்குக் கிரேக்கப் பாம்பு எதற்கு என்பது என் கேள்வி.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஒற்றைப் பாம்பு சுற்றிய, சிறகில்லாத கோல்தான் மருத்துவத்துக்கு உரியது. அது, கிரேக்கர்கள் நோய் தீர்க்கும் தெய்வமாக வணங்கிய அஸ்கிலிபியஸின் கைக்கோல். எபிடாரஸில் இருந்த அவருடைய கோயிலில், தெய்வம் கனவில் வந்து குணமாக்கும் என்று நம்பி நோயாளிகள் இரவு தங்கினார்கள். நஞ்சற்ற பாம்புகள் அங்கே புனிதமாகப் பேணப்பட்டன. இரண்டு பாம்புகளும் சிறகுகளும் கொண்ட கோல் ஹெர்மஸுடையது. அவர் தேவர்களின் தூதர், வணிகர்களின் காவலர், இறந்தோரின் உயிர்களைப் பாதாளத்துக்கு அழைத்துச் செல்பவர். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902-ல் அந்தக் கோலைச் சீருடைச் சின்னமாக ஏற்ற பிறகு குழப்பம் வேகமாகப் பரவியது. உலக சுகாதார நிறுவனமோ 1948-ல் ஒற்றைப் பாம்பையே தேர்ந்தெடுத்தது. மருத்துவம் பெருவணிகமாகிவரும் காலத்தில், வணிகக் கடவுளின் கோலை மருத்துவமனை வாசலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிரேக்கப் பாம்பு இங்கே இருப்பதை நான் குறையாக எண்ணவில்லை. 1835-ல் கல்கத்தாவிலும் சென்னையிலும் தொடங்கிய ஐரோப்பிய முறை மருத்துவக் கல்வியின் மரபைச் சேர்ந்தது அது. ஆனால் ஒரு கல்லூரி தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறிய, படத்தைவிட அதனோடு சேர்ந்த வாசகத்தைப் படிக்க வேண்டும். ஜிப்மர் 'உண்மை குணமாக்கும்' என்று லத்தீனில் சொல்கிறது. புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரி 'அனைவரும் நோயின்றி இருக்கட்டும்' என்று சமஸ்கிருதத்தில் வேண்டுகிறது. வேலூர் சி.எம்.சி. எடுத்துக்கொண்டது நற்செய்தி நூலின் சொல்: 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்'. 1918-ல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காக அங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த வாசகம் வெறும் அலங்காரமாகத் தோன்றாது.

இவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது டெல்லி எய்ம்ஸின் வாசகம்: 'சரீரமாத்யம் கலு தர்மஸாதனம்'. அறம் செய்வதற்கு முதற்கருவி உடலே என்பது பொருள். காளிதாசரின் குமாரசம்பவத்தில், கடுந்தவத்தால் தன்னை வருத்திக்கொண்டிருக்கும் பார்வதியிடம், பிரம்மசாரி வேடத்தில் வந்த சிவன், உன் வலிமைக்கு உட்பட்டுத்தான் தவம் செய்கிறாயா என்று விசாரித்துச் சொல்லும் வரி இது. நோயாளியைக் காப்பாற்று என்று மருத்துவருக்கு இடும் கட்டளையாகவே இதைப் பலரும் வாசிக்கிறார்கள். ஆனால் காவியத்தில் இது ஓர் உயர்ந்த குறிக்கோளுக்காகத் தன் உடலை மறந்தவளிடம் சொல்லப்படுகிறது. உறக்கமின்றித் தொடர்ந்து பணிபுரியும் பயிற்சி மருத்துவர்களிடமும், அவர்களுக்குப் பணிநேரம் வகுக்கும் நிர்வாகங்களிடமும் இந்த வரி அதே பொருளில் பேச வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மகள் ஒற்றைப் பாம்பையே வரையட்டும். அட்டையில் செஞ்சிலுவையைச் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அது மருத்துவத்தின் பொதுச் சின்னம் அல்ல, போர்க்களத்தில் பாதுகாப்பு தரும் அடையாளம். அரசின் அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவதை 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் தடைசெய்கிறது.