அத்தைக்குப் புரியாது என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு 38 வயது. போலந்து எழுத்தாளர் ஓல்கா டோகார்ச்சுக்கின் 'டிரைவ் யுவர் ப்ளவ் ஓவர் த போன்ஸ் ஆஃப் த டெட்' நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். அதில் வரும் துஷெய்கோ என்ற வயதான பெண் படும் பாட்டை நினைத்து இரண்டு நாள் மனசே சரியில்லை. அந்த வேகத்தில் டோகார்ச்சுக்கின் 'த புக்ஸ் ஆஃப் ஜேக்கப்' வாங்கினேன். மூன்று முறை தொடங்கியும் 150 பக்கம் தாண்டவில்லை. பெயர்கள் நிற்கவில்லை, வரலாறும் பிடிபடவில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லாரும் முடித்துவிட்டார்கள். எனக்கு இரவு 10 மணிக்கு மேல்தான் நேரம். அப்போதும் மாமியார் வந்து "என்ன கதைம்மா அது?" என்று கேட்பார். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றுவிடாமல் படித்தவர், இப்போது எழுத்து தெரிவதில்லை. "உங்களுக்குப் புரியாது அத்தை" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன். போலந்து நாவல்களை எந்த வரிசையில், எப்படிப் படிப்பது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெயர் நிற்கவில்லை, வரலாறு பிடிபடவில்லை என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி. "உங்களுக்குப் புரியாது அத்தை."

துஷெய்கோ யார்? செக் எல்லையை ஒட்டிய மலைக் கிராமத்தில் தனியாக வாழ்கிறவர். ஒரு காலத்தில் பாலம் கட்டிய பொறியாளர். போலீசுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார், யாரும் பொருட்படுத்துவதில்லை. வயதான பெண்மணி ஏதோ உளறுகிறார் என்று ஊரே ஒதுக்கிவிடுகிறது. அவருக்காக இரண்டு நாள் கலங்கியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் கண் மங்கி உட்கார்ந்திருப்பவரிடம் அந்த ஊர்க்காரர்கள் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். இதைப் படித்துக் கோபம் வந்தால் வரட்டும். வீட்டில் மூத்தவர் ஒரு கதை கேட்டால் உட்கார்ந்து சொல்வது இளையவர் கடமை. இதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தொடர்கதை படித்தவர்கள் என்ன செய்தார்கள்? வாரம் ஒரு அத்தியாயம். ஆறு நாள் வேறு வேலை. ஏழாம் நாள் பத்திரிகை வந்ததும் யார் யாருக்கு என்ன உறவு, போன வாரம் எங்கே விட்டது என்று எல்லாம் நினைவிலிருந்தே வந்துவிடும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு தொடர்களை இப்படித் தொடர்ந்தவர்கள் உண்டு. உங்களுக்கு இல்லாத அந்தப் பழக்கம் உங்கள் அத்தைக்கு இருக்கிறது. அவரிடம்தான் நீங்கள் "புரியாது" என்கிறீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். 'ஜேக்கப்'பை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். 900 பக்கத்துக்கு மேல் போகும் அந்த நாவலை இரண்டாவதாக எடுத்ததே தவறு. 'பிரைமீவல் அண்ட் அதர் டைம்ஸ்' வாங்குங்கள். டோகார்ச்சுக் 1996-இல் எழுதியது. ஆங்கிலத்தில் தந்தவர் அன்டோனியா லாயிட்-ஜோன்ஸ், நீங்கள் படித்து முடித்த நாவலின் அதே மொழிபெயர்ப்பாளர். ஒரே கிராமம், 1914-இல் தொடங்கி மூன்று தலைமுறை. அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒவ்வொன்றும் 'இன்னாருடைய காலம்' என்று ஒருவருக்கு உரியது. மனிதர்களுக்கு மட்டுமல்ல, ஒரு காப்பி அரைக்கும் இயந்திரத்துக்கும் தனி அத்தியாயம் உண்டு. ஊரின் நான்கு எல்லைகளையும் நான்கு தேவதூதர்கள் காக்கிறார்கள். இலக்கியம் படித்தவர்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவார்கள். எல்லைச்சாமிக்குப் பொங்கல் வைத்த தலைமுறைக்கு விளக்கமே வேண்டாம்.

இரவு இரண்டு அத்தியாயம் படியுங்கள். மறுநாள் சாயங்காலம் புத்தகத்தை எடுக்காமல், பத்து நிமிடம் அத்தையிடம் தமிழில் சொல்லுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்து வாசித்தால் ஐந்தாவது நிமிடமே இருவருக்கும் அலுத்துவிடும். யாருக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். பெயரை உறவோடு சேர்த்துச் சொல்லுங்கள்: மில்காரர் மிஹாவ், அவர் மனைவி கெனோவேஃபா, மூத்த மகள் மிஷா, தம்பி இஸிடோர். "அவன் யாரு?" என்று அத்தை கேட்டு நீங்கள் விழித்தால், அந்த அத்தியாயத்தை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். அன்றிரவே அதைத் திரும்பப் படியுங்கள். இப்படிச் சொல்லிப் பழகினால் பெயர் தானாக நிற்கும். தனியாக, தூக்கக் கலக்கத்தில், வட்டத்தில் பேசவேண்டுமே என்ற பதற்றத்தில் படித்தால் எந்த நாட்டுப் பெயரும் நிற்காது.

கடினமான இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த நாவலில் ஆதரவில்லாத ஒரு பெண் தனியாகப் பிள்ளை பெறுகிறாள், குழந்தை பிழைப்பதில்லை. போரில் யூதர்களைக் கொல்கிறார்கள். வயதானவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், நம்மைவிட அவர் அதிகம் பார்த்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

பெயரை உச்சரிக்கத் தெரியாமல் கண்ணால் மட்டும் பார்த்துக் கடந்தாலும் அது மறந்துபோகும். டபிள்யூ எழுத்தை 'வ' என்று படியுங்கள். குறுக்குக்கோடு போட்ட எல் எழுத்துக்கு ஆங்கில டபிள்யூவின் ஒலி. சி-யும் இசட்டும் சேர்ந்தால் 'ச்ச', எஸ்-உம் இசட்டும் சேர்ந்தால் 'ஷ'. ஜே வந்தால் 'ய'. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில் விழும். செல்லப்பெயர்களிலும் கவனம் வேண்டும். யான் என்பவரே யானெக், ஸ்தனிஸ்வாவ் என்பவரே ஸ்தஷெக், மவ்கோஷாத்தா என்பவரே கோஷா. புது ஆள் வந்துவிட்டதாக நினைத்துக் குழம்புவது இங்கேதான்.

வரலாற்றுக்கு ஐந்து வருடங்களை ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தில் செருகுங்கள். 1795: ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை முழுதாகப் பங்கு போட்டுக்கொண்டன. 1918: நாடு மீண்டும் பிறந்தது. போலந்துக்காரரான மிஹாவ் 1914-இல் ரஷ்ய ஜாரின் படைக்குப் போவது ஏன் என்று இப்போது தெரியும். 1939: ஜெர்மனியும் சோவியத்தும் புகுந்தன. 1945: எல்லையே மேற்கே நகர்ந்தது. கிழக்குப் பகுதி சோவியத்துக்குப் போனது, அங்கிருந்த போலந்துக்காரர்கள் ஜெர்மானியர்கள் விட்டுப்போன வீடுகளில் குடியேறினார்கள். துஷெய்கோவின் மலைப்பகுதி 1945 வரை ஜெர்மனியில் இருந்தது. 1989: கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்தது. தொடங்குவதற்கு இது போதும்.

அடுத்தது வியெஸ்வாவ் மிஷ்லிவ்ஸ்கியின் 'ஸ்டோன் அப்பான் ஸ்டோன்'. 1984-இல் வந்தது, ஆங்கிலத்தில் பில் ஜான்ஸ்டன். ஷிமோன் என்ற விவசாயி குடும்பத்துக்குக் கல்லறை கட்ட நினைக்கிறான். சகோதரர்கள் இருவர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பேச்சே இல்லாமல் வீடு திரும்பிய இன்னொரு சகோதரனை ஷிமோன்தான் பார்த்துக்கொள்கிறான். நிலம், அம்மா, ரொட்டி என்று போகும் இந்த நாவல் முழுக்க அவன் வாய்ப்பேச்சு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். கதை எங்கே என்று தேடினால் தவித்துப் போவீர்கள். ஒரு மனிதர் பேசுவதைக் கேட்கிற மனத்தோடு படியுங்கள். கூடப் பிறந்தவனைக் கைவிடாத ஒருவனை இவ்வளவு முழுமையாக எழுதிய நாவல் அபூர்வம். அது உங்கள் வீட்டில் பேசப்படவேண்டிய கதை. அதன்பிறகு யாசெக் டேனெலின் 'லாலா'. நினைவு தேய்ந்துவரும் பாட்டியின் கதைகளைப் பேரன் எழுதிவைக்கிறான். டோகார்ச்சுக்கின் 'ஃப்ளைட்ஸ்' 2018-இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு வாங்கியதால் பலர் அதில் தொடங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். அது துண்டு துண்டான புத்தகம், பிறகு பார்க்கலாம்.

எல்லாம் முடித்தபின் 'ஜேக்கப்' எடுங்கள். ஏழு பகுதிகள், மாதம் ஒன்று போதும். பக்க எண் தலைகீழாக ஓடுவது அச்சுப் பிழையல்ல, வலமிருந்து இடமாகப் படிக்கும் எபிரேய நூல்களுக்கான மரியாதை. தலைப்பில் வரும் ஜேக்கப்தான் யாக்கூப் ஃபிராங்க், ஒரு யூத மதக் குழுவின் தலைவர். 1759-இல் அவருடைய ஆட்கள் ஞானஸ்நானம் பெற்றபோது புதுப் பெயர்களும் பெற்றார்கள். அவருடைய சீடர் நஹ்மான் இனி பியோத்ர் யாக்கூபோவ்ஸ்கி. அதனால் ஒரு தாளில் பழைய பெயர், புதுப் பெயர் என்று இரண்டு பத்தி முதல் நாளே போட்டுவிடுங்கள். தாயத்தை விழுங்கிவிட்டு, சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் கிடந்து, மேலிருந்து அத்தனையையும் பார்க்கும் யெந்தே ஒரு முதியவள். நீங்கள் படித்த 150 பக்கத்துக்குள்ளேயே அவள் வந்துவிட்டாள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கணவரைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கதை கேட்பவர் அவரைப் பெற்றவர். அந்தப் பத்து நிமிடம் அவரும் பக்கத்தில் உட்கார வேண்டும், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வாசகர் வட்டத்துக்கு இந்தச் சுற்றில் வரவில்லை என்று செய்தி அனுப்பிவிடுங்கள்.