குடல் புற்றுநோய் மருத்துவராக இருந்துகொண்டே ஆராய்ச்சியும் செய்ய முடியுமா?

முடியும். எம்.டி. முடிக்கப் போகிறீர்கள், வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம்" என்று கேட்கிறார்கள் போல. எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. 3, அதற்கு மேல் புற்றுநோய்க்கான சிறப்புப் படிப்பு டி.எம். 3, நுழைவுத் தேர்வுக்குப் போகிற வருஷங்கள் தனி. சரி, அதை விடுங்கள்.

நான் பாம்பன்காரன், மதுரையில் மருத்துவம் பார்க்கிறேன். 2016இல் தங்கச்சிமடத்து அண்ணன் ஒருவர் வந்தார். பெருங்குடல் புற்று, மூன்றாம் கட்டம், 2 நெறிக்கட்டுகளில் (நிணநீர் முடிச்சுகளில்) பரவியிருந்தது, அறுவை முடிந்திருந்தது. ஆக்சாலிபிளாட்டின் என்கிற கீமோ மருந்து ட்ரிப்பாக, கூடவே கேப்சிடபின் மாத்திரை, 3 வாரத்துக்கு ஒரு தடவையாக 8 தடவை. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொல்லி அனுப்பினேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. அடுத்த தடவை, "ஐஸைத் தொட்டா கரண்டு அடிக்குது தம்பி" என்றார். விசைப்படகில் இறங்கும் மீனை ஐஸ் நொறுக்கிப் போட்டுப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ஆக்சாலிபிளாட்டின் நரம்பைத் தாக்குவதால் குளிர் பட்டால் அப்படித்தான் இருக்கும், புத்தகத்திலேயே இருக்கிறது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் வலை பின்ன உட்கார்ந்தார். ஆறு மாதம் முடிவதற்குள் அதுவும் போயிற்று. ஒரு நாள் வலை ஊசியையும் நூலையும் கொண்டுவந்து என் மேசையிலேயே முடிச்சுப் போட்டுக் காட்டினார். கண்ணால் பார்த்துப் போட்டால் விழுகிறது, முகத்தைத் திருப்பினால் நழுவிவிடுகிறது. "நூல் விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியல."

அன்றுதான் ஒரு நோட்டு போட்டேன். என்ன வேலை, எத்தனையாவது ட்ரிப்பில் மரத்தது, எப்போது உணர்வு திரும்பியது. என் ஆராய்ச்சி அதுதான். 2018இல் ஐடியா (IDEA) என்கிற கூட்டாய்வின் முடிவு வந்தது. 6 ஆய்வுகள், 12,834 நோயாளிகள். அவரைப் போல அபாயம் குறைந்த மூன்றாம் கட்டக்காரர்களுக்கு இதே மருந்துகளை 3 மாதம் கொடுத்தாலே ஏறத்தாழ அதே பலன், மரத்துப்போவது வெகுவாகக் குறைவு. படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சண்டைக்கு வராதீர்கள், 2016இல் ஆறு மாதம்தான் முறை. எல்லோருக்கும் 3 மாதம் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 4 நெறிக்கட்டுகளோ அதற்கு மேலோ பரவியிருந்தால் கணக்கு வேறு. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால், இவ்வளவு படிச்சும் சொந்தமா ஒரு ஆஸ்பத்திரி கட்டலையே என்கிறார்கள். ஆராய்ச்சி என்றால் வேலையில்லாதவன் செய்வது என்று நினைப்பு. இதைக் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துப்போய்த்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அண்ணன் இருக்கிறார், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கால் விரல்கள்தான் இன்னும் மரத்தபடியே. கடற்கரை மணலில் செருப்பு கழன்றாலும் தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்துவிடுகிறாராம்.