சூரியன் உச்சியில் நிற்கும்போது வாகனம் புல்மோட்டையில் நிற்கிறது

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் கற்பிக்கும் ஆசிரியை. வீடு நிலாவெளியில் இருப்பதால், பாடசாலை நாட்களில் போக 40, வர 40 என 80 கிலோமீற்றர் ஓடுகிறேன். எங்கள் பழைய பெற்றோல் காரை 14 இலட்சத்துக்குக் கேட்கிறார்கள். அதை விற்று, 32 இலட்சம் சொல்லப்படும் 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் காரை வாங்கலாம் என எண்ணுகிறோம். குறையும் 18 இலட்சத்துக்கு 15 சதவீத வட்டியில் ஐந்து வருட லீசிங் எடுத்து, நிரந்தர வைப்பிலுள்ள 12 இலட்சத்தில் ஒன்பதரை இலட்சத்துக்கு 5 கிலோவாற் சோலார் போட்டால், பெற்றோல் செலவே இல்லாமல் வெயிலில் ஓடலாம் என்கிறார்கள். வீட்டு மின் கட்டணம் மாதம் ஏறத்தாழ 260 அலகுக்கு 13,000 ரூபாய் வருகிறது. கணவர் மூன்று அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறார். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுவதும் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. நாங்கள் நினைப்பது சரியா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் திட்டத்தில் இரண்டு கொள்வனவுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், சோலார் தன் காலிலேயே நிற்கிறது. கார் இப்போதைக்கு நிற்கவில்லை. ஆகவே சோலாரை இந்த வருடமே போடுங்கள், காரைத் தள்ளி வையுங்கள் என்பதே என் ஆலோசனை. அதற்கான கணக்கைக் கீழே வைக்கிறேன். கடதாசியும் பேனையும் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

முதலில் ஓட்டம். மூன்று தவணை விடுமுறைகளையும் கழித்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 200 பாடசாலை நாட்கள், அதாவது 16,000 கிலோமீற்றர். இப்போதைய கார் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் என்றும் லீற்றர் 300 ரூபாய் என்றும் வைத்தால், மாதச் சராசரி பெற்றோல் செலவு 28,500 ரூபாய். இதே தூரத்துக்கு மின்சாரக் கார், மின் ஏற்றும்போது வீணாகும் பங்கையும் சேர்த்து, மாதம் ஏறத்தாழ 236 அலகு கேட்கும். அந்த அலகுகள் இலவசம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். காருக்குப் போகாவிட்டால் அவற்றை மின்சார சபைக்கு விற்றிருப்பீர்கள். அலகு 20 ரூபாய் என வைத்தாலும் அது 4,700 ரூபாய். ஆகவே உண்மையான மிச்சம் மாதம் 23,800 ரூபாய். லீசிங் தவணையோ மாதம் ஏறத்தாழ 42,800 ரூபாய். மிச்சத்தைக் கொண்டு தவணையைக் கட்டுவதென்றால் மாதாமாதம் 19,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும்.

2022ஐ நினைத்து நீங்கள் அஞ்சுவது நியாயமானது. அந்த வரிசைகளில் நின்றவர் எவரும் அதைச் சிறிதாகப் பேசமாட்டார். அதனால் அந்த வருடம் ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் விற்ற 470 ரூபாய் விலையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் மிச்சம் 40,000 ரூபாய்தான், தவணையை எட்டவில்லை. 18 இலட்சக் கடன் உங்கள் ஓட்டத்துக்குப் பெரிது. இதே வட்டியில் கடன் 10 இலட்சத்துக்குள் வந்தால் தவணை 24,000க்குக் கீழ் இறங்கி, எரிபொருள் மிச்சமே அதைக் கட்டிவிடும். அந்த 10 இலட்சம் என்ற எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சோலார். நமது கரையில் ஒரு கிலோவாற் பனல் வருடச் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும். 5 கிலோவாற்றுக்கு மாதம் 600 அலகு. அதில் 260 வீட்டுக்குப் போக 340 அலகு மிஞ்சும். 180 அலகைத் தாண்டும் பகுதிக்குத்தான் மின்சார சபை மிக உயர்ந்த கட்டணத்தை அறவிடுகிறது. உங்கள் 13,000 ரூபாயில் ஒரு பெரிய பங்கு அந்த மேலடுக்கில்தான் விழுகிறது. கட்டணம் ஏறத்தாழ நின்று, மிஞ்சும் அலகுக்கு 20 ரூபாய் கிடைத்தால் மாதம் 19,000 ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. ஆனால் வைப்பை உடைத்து ஒன்பதரை இலட்சத்தையும் கொடுக்க வேண்டாம். 5 இலட்சத்தை வைப்பிலிருந்து எடுத்து, மீதி நாலரை இலட்சத்துக்கு வங்கியில் ஐந்து வருடக் கடன் பெறுங்கள். 14 சதவீத வட்டியில் தவணை 10,500 ரூபாய்க்குள் நிற்கும். மிகுதி 7 இலட்சம் வைப்பிலேயே இருக்கட்டும். அரச ஊழியருக்குக் கிடைக்கும் இடர் கடனையும் இதற்காகத் தொடாதீர்கள். அது வீட்டில் நோய் நொடி வரும் நாளுக்கு உரியது.

வைப்பை முழுவதும் உடைக்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. நிலாவெளியில் விடுதி வருமானம் சித்திரை கழிந்து புரட்டாதி வரை நன்றாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் கடல் கலங்கும், விருந்தினர் வரவும் குறையும். பனல்கள் குறைவாக உற்பத்தி செய்வதும் அதே கார்த்திகை, மார்கழி மாதங்களில்தான். இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் இறங்கும்போது தவணைத் திகதி மட்டும் மாறாது. கையில் இரண்டரை இலட்சத்தோடு அந்த மாரியைக் கடக்க முயன்ற குடும்பங்கள் நகையை அடகு வைத்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வெயிலில் ஓடலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில் உங்கள் கார் புல்மோட்டையில் பாடசாலை வளவில் நிற்கும். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு நீங்கள் வீடு சேரும்போது அன்றைய உற்பத்தியில் முக்கால்வாசி முடிந்திருக்கும். எனவே கார் பெரும்பாலும் இரவில், மின்சார சபையின் கம்பியிலிருந்துதான் சார்ஜ் ஏறும். இது கணக்கில் உங்களைப் பாதிக்குமா என்பது நீங்கள் ஒப்பமிடும் திட்டத்தைப் பொறுத்தது. 2016இல் சூரிய சக்திக்கான போராட்டம் என்ற பெயரில் தொடங்கிய அரச திட்டத்தின் மூன்று முறைகளில், நெற் அக்கவுண்டிங் முறையில் பகலில் அனுப்பிய அலகும் இரவில் எடுத்த அலகும் முதலில் ஒன்றுக்கொன்று கழிபடும், மிஞ்சியதற்கே பணம். நெற் பிளஸ் முறையிலோ உற்பத்தி முழுவதும் ஒரு விலைக்கு விற்கப்படும், பாவனை முழுவதும் வழமையான கட்டணத்தில் வாங்கப்படும். இரவில் காருக்கு மின் ஏற்றப்போகும் வீட்டுக்கு நெற் அக்கவுண்டிங் முறையே பொருந்தும். ஒப்பந்தத்தில் எந்த முறை, அலகுக்கு என்ன விலை, எத்தனை வருடம் என்ற மூன்றையும் எழுத்தில் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அன்று ஒப்பமிட்டவர்களுக்கு முதல் 7 வருடங்களுக்கு 22 ரூபாயும் அடுத்த 13 வருடங்களுக்கு 15.50 ரூபாயும் எனத்தான் விலை எழுதப்பட்டது. விற்பனை முகவர் காட்டும் அட்டவணையில் இருபது வருடமும் ஒரே விலை இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மின்வெட்டு வந்தாலும் சோலாரில் கார் சார்ஜ் ஏறும் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும், கம்பியோடு இணைந்த சாதாரண இன்வேட்டர், கம்பியில் மின் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் போனபோது நல்ல வெயிலிலும் கூரைப் பனல்கள் சும்மா கிடந்தன. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின் தேவை குறைவாக இருந்ததால், கூரைச் சோலாரைப் பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஆகவே உற்பத்திக் கணக்கில் வருடத்துக்குச் சில நாட்களைக் கழித்தே போடுங்கள்.

கூரை வேலையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். குச்சவெளியில் கடலுக்கு அண்மையான ஒரு வீட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தேன்: பனலில் விரலை இழுத்தால் வெள்ளைக் கோடு விழுந்தது, பூட்டி மூன்று வருடமும் ஆகாத ஆணிகளிலிருந்து துரு ஓட்டின்மேல் வழிந்திருந்தது. அத்தனையும் உப்புக்காற்றின் வேலை. துருப்பிடிக்காத உயர்தர எஃகு ஆணிகளும் அலுமினியச் சட்டமும் விலைமதிப்பீட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் கரையேறியது உங்கள் பாடசாலைப் பாதையிலுள்ள குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடைப்பட்ட பகுதியில்தான் என்பதால், வீட்டுக் காப்புறுதியில் பனல்களையும் பெயர் குறித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன். லீஃபின் பற்றரிக்குக் குளிரூட்டும் அமைப்பு இல்லை. சூடான ஊரில் அது விரைவாகத் தேய்கிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகரில் 2012 கோடையில் இதே குறை பெரிதாக வெளிவந்து, ஐந்து வருடம் அல்லது 60,000 மைலுக்குள் பற்றரியின் கொள்ளளவைத் திரையில் காட்டும் 12 கட்டங்கள் ஒன்பதுக்குக் கீழ் இறங்கினால் சரிசெய்து தருவதாக நிசான் உத்தரவாதம் கொடுக்க நேர்ந்தது. நமது ஊர் பாலைவனம் அன்று. ஆயினும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் 35 பாகையைத் தொடுவதும் இரவிலும் அது பெரிதாகக் குளிராததும் நீங்கள் அறிந்தவை. 24 கிலோவாற்-மணி, அதாவது 24 அலகு கொள்ளும் பற்றரியில் ஒன்பது கட்டங்களே மிஞ்சியிருந்தால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 15 அலகு. நல்ல நாளில் 95 கிலோமீற்றர். ஏசி போட்டு 80 ஓடினால், வீடு திரும்பும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்தக் கார் உங்களிடம் வந்த பின்னும் ஒவ்வொரு வருடமும் இன்னும் தேயும். லீசிங் ஐந்து வருடம் ஓடும். கடனை 10 இலட்சத்துக்குள் கொண்டுவரும் காலத்தில் 40 கிலோவாற்-மணிக்குக் குறையாத கார், முடிந்தால் வெப்பத்தை நன்கு தாங்கும் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி உள்ள காரைத் தேடுங்கள். சோலாரால் மாதம் மிஞ்சும் எட்டு, ஒன்பதாயிரத்தையும் விடுதியின் கோடைக் கால மிச்சத்தையும் அதற்கென்றே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

சுவரில் பூட்டும் 7 கிலோவாற் சார்ஜர் விலைமதிப்பீட்டில் இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர் ஒற்றைக் கட்டம் (சிங்கிள் ஃபேஸ்). அந்தச் சார்ஜர் ஒன்றே 32 அம்பியர் இழுக்கும். இரவு பத்தரைக்கு மேல் 3 கிலோவாற் அளவில் ஏற்றினாலே ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டிய 14 அலகு விடியுமுன் நிறைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் காரில் மனம் நின்றால், ஆவணி விடுமுறையில் ஒரு நாள் உரிமையாளரோடு பேசி, முழுவதும் ஏற்றிய காரை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏசி போட்டு நிலாவெளியிலிருந்து உங்கள் பாடசாலை வாசல் வரை ஓட்டிப் போங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வாருங்கள். வீட்டு வாசலில் இறங்குமுன் திரையில் எத்தனை சதவீதம் நிற்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.