சூரிய நமஸ்காரத்துக்கு வயது என்ன? (வாசகர் கேள்வி – பதில்)

பதஞ்சலி மொத்தம் எத்தனை ஆசனங்கள் சொல்லியிருக்கிறார்? (ஒரு வாசகி, திருச்சி)

ஒன்றுக்குக்கூட அவர் பெயர் சொல்லவில்லை. யோக சூத்திரத்தின் 195 சூத்திரங்களில் (சில பதிப்புகளில் 196) ஆசனத்துக்குக் கிடைத்த இடம் மூன்றே சூத்திரங்கள். அசையாமலும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறது முதல் சூத்திரம். பத்மாசனம், வீராசனம் போன்ற பெயர்கள் வியாசர் உரையில்தான் வருகின்றன. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகையில் 15 ஆசனங்கள், பிற்காலத்துக் கேரண்ட சம்ஹிதையில் 32. இன்று வகுப்பில் முதல் நாளே வரும் திரிகோணாசனம் இந்த இரண்டிலுமே கிடையாது.

விவேகானந்தர் அமெரிக்கா போன பிறகுதான் யோகம் வெளியுலகுக்குத் தெரிந்ததா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

இல்லை. அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி, பதஞ்சலியின் நூலை ஓர் உரையோடு சேர்த்து அரபியில் பெயர்த்துவிட்டார். அந்தப் பெயர்ப்பு கேள்வி–பதில் வடிவில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் குவாலியரைச் சேர்ந்த சூஃபி முகம்மது கவ்ஸ், ‘அமிர்தகுண்டம்’ என்ற யோக நூலைப் பாரசீகத்தில் ‘பஹ்ருல் ஹயாத்’ ஆக்கினார். மந்திரங்களுக்கு இணையாக இறைவனின் அரபித் திருநாமங்களை வைத்தார். பின்னாளில் ஜஹாங்கீரான இளவரசர் சலீமுக்காக 1600ஐ ஒட்டித் தயாரான அதன் பிரதி, இன்று டப்ளினின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள 21 ஓவியங்களில் யோகிகள் ஆசனமிட்டிருக்கிறார்கள். ஆசனங்களை வரிசையாக வரைந்து காட்டும் மிகப் பழைய ஏடுகளில் அது ஒன்று. யோக வரலாறு பேசும் யாரும் அதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

விவேகானந்தர் 1893இல் சிகாகோ போனார். அவருடைய ‘ராஜயோகம்’ 1896இல் வந்தது. அவர் வலியுறுத்தியது தியானமும் பிராணாயாமமும்தான், உடலை வளைக்கும் ஆசனங்களை அல்ல.

சூரிய நமஸ்காரம் வேத காலத்தது என்கிறார் எங்கள் ஆசிரியர். ஐரோப்பிய உடற்பயிற்சியிலிருந்து வந்தது என்கிறான் மகன். எது சரி? எனக்கு 48 வயது. அதைச் செய்தாலே தோள் வலிக்கிறது. (ஒரு வாசகர், மதுரை)

சூரியனை வணங்குவது மிகப் பழையது. அருணப் பிரச்னம் என்ற வேதப் பகுதியை ஓதி, பகுதிக்குப் பகுதி விழுந்து கும்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்யும் தொடர் அசைவுகள் எந்தப் பழைய யோக நூலிலும் இல்லை. மராட்டியத்து ஔந்த் சமஸ்தான அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, 1920களில் அதை உடற்பயிற்சியாகப் பரப்பினார். 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் சூரிய நமஸ்கார வகுப்பு தனி, யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை தனி. இரண்டும் பின்னர்தான் ஒன்று கலந்தன.

டென்மார்க்கின் நீல்ஸ் பூக் வகுத்த உடற்பயிற்சிக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டுதான். ஆனால் நம் மல்லர்கள் எடுக்கும் தண்டாலைப் பாருங்கள்: இடுப்பை உயர்த்தி, மார்பைத் தரையருகே இறக்கி, தலையை நிமிர்த்துவது அப்படியே இதில் இருக்கிறது. உங்கள் மகன் ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை, பக்கத்துக் கோதா போதும்.

உங்கள் தோள்வலிக்கு விடை இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. மைசூரில் அந்த வேகமான பயிற்சியைச் செய்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், இளைஞர்கள். அங்கே பயின்ற பட்டாபி ஜோயிஸின் முறையில் முதல் சூரிய நமஸ்காரம் 9 அசைவுகள், அசைவுக்கு ஒரு மூச்சு. நான்காவதான, உடலைத் தரைக்கு இணையாகக் கைகளில் தாங்கும் சதுரங்க தண்டாசனத்தில்தான் தோள் கெடுகிறது. களைத்ததும் மார்பு தொப்பென்று விழ, தோள் முழங்கைக்குக் கீழே இறங்கி, மூட்டின் முன்பக்கம் இழுபடும். முழங்கால்களை முதலில் தரையில் ஊன்றுங்கள். முழங்கை விலாவை ஒட்டிப் பின்னோக்கி மடியட்டும். தோள் முழங்கை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மூன்று சுற்று போதும். மூன்று வாரமாகியும் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கிருஷ்ணமாச்சாரியாரே பிற்காலத்தில் சென்னையில் ஆளுக்கேற்ற பயிற்சியைத்தான் கற்பித்தார். ரீகாவில் பிறந்த இந்திரா தேவி, 1930களின் கடைசியில் அவரிடம் மைசூரில் பயின்று, ஷாங்காயிலும் 1940களின் கடைசியிலிருந்து ஹாலிவுட்டிலும் கற்பித்தது அந்த வேகமான பயிற்சியைவிட மென்மையான முறை. அதே குரு, வேறு மாணவர்கள்.

திருமந்திரத்தில் உள்ள 16–64–32 கணக்கில் மூச்சுப்பயிற்சி செய்கிறேன். தலை கனக்கிறது. (ஒரு வாசகி, ஈரோடு)

உடனே நிறுத்துங்கள். திருமூலர் சொல்வது இடப்பக்க நாசியில் ‘ஈரெட்டு’ மாத்திரை இழுத்து, அறுபத்து நாலு நிறுத்தி, முப்பத்திரண்டில் விடுவது. மாத்திரைக்கு ஒரு நொடி என்று வைத்தாலும் ஒரு மூச்சுக்கு 112 நொடி, இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அது நெடுநாள் பயின்றவர் எட்டும் அளவு.

நீங்கள் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், நிறுத்தவே வேண்டாம். ஆறு சுற்று. சில வாரங்களில் 4–8 ஆக்கலாம். அது சுலபமான பிறகு, இழுத்தபின் 4 மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒரு நாசியை அடைக்க மூக்கை அழுத்தும் இடம் எலும்புக்குச் சற்றுக் கீழே, மெத்தென்ற பகுதி. நுனியைக் கிள்ள வேண்டாம். வெளிமூச்சைக் கவனியுங்கள். அது புஸ்ஸென்று ஒரேயடியாக வந்தால், நிறுத்தியது அதிகம். ஒரு படி குறையுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகம் (மூச்சை நிறுத்துவது) செய்யவே கூடாது. சும்மா இருக்கும்போதும் தலைகனம் தொடர்ந்தால், முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.