1550 நானோமீட்டருக்கு மாறினால் கண் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கேள்வி இதுதான்: "905 நானோமீட்டர் லேசரில் ஒரு லைடார் செய்கிறோம். 200 மீட்டர் பார்க்க வேண்டும், கிளாஸ் 1 சான்றும் வேண்டும். பவரைக் கூட்டினால் கண் பாதுகாப்பு போகிறது, குறைத்தால் தூரம் போகிறது. பேசாமல் 1550-க்கு மாறிவிடலாமா?"

லைடார் என்பது லேசர் பல்ஸ் (ஒளித்துடிப்பு) அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி. 905, 1550 என்பவை லேசரின் அலைநீளங்கள். கிளாஸ் 1 என்றால் கண்ணுக்குப் பாதுகாப்பான லேசர் வகுப்பு. மாறுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். லைடார் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். கணக்கை அரைகுறையாகப் போட்டு நாங்கள் ஒருமுறை மாட்டிக்கொண்டோம், அதைக் கீழே சொல்கிறேன்.

லேசர் பாதுகாப்புக்கான ஐஇசி 60825-1 தரநிலையின் 2014 பதிப்புப்படி, 905-ல் சில நானோ விநாடி நீளமுள்ள ஒரு பல்ஸுக்கு கிளாஸ் 1 வரம்பு சுமார் 0.2 மைக்ரோஜூல். அதில் ஏறக்குறைய 90,000 கோடி போட்டான்கள் (ஒளித்துகள்கள்) இருக்கும். கேட்க நிறையத்தான் இருக்கிறது. 200 மீட்டரில், விழும் ஒளியில் 10 சதவீதத்தை மட்டும் திருப்பித் தரும் ஒரு கறுப்புப் பொருள். உங்கள் லென்ஸ் 25 மில்லிமீட்டர் விட்டம். திரும்பி வந்து லென்ஸில் விழுவது சுமார் 350 போட்டான். ஃபில்டரும் கண்ணாடிகளும் தின்றது போக அதில் பாதி மிஞ்சினால் நல்லது. 400 மீட்டர் வேண்டும் என்றால் அந்த 350-ம் 90 ஆகிவிடும். தூரம் இரட்டித்தால் பவர் நாலு மடங்கு வேண்டும் என்பது இதைத்தான்.

கண் பக்கம் கதையே வேறு. இருட்டில் விரிந்த கண்பாவை 7 மில்லிமீட்டர். நேராக வரும் கற்றையை விழிலென்ஸ் விழித்திரையில் 20 மைக்ரான் அளவுள்ள ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். அதாவது செறிவு ஒரு லட்சம் மடங்குக்கு மேல் கூடும். போதாததற்கு 905 கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை மூடிக்கொள்ளாது.

1550-ல் ஒளி விழித்திரை வரை போவதே இல்லை. கண்ணின் முன்படலமான கார்னியாவிலும் அதன் பின்னால் உள்ள நீரிலும் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் ஒற்றைப் பல்ஸுக்கான வரம்பு 8 மில்லிஜூல். 905-ஐவிட 40,000 மடங்கு! விளம்பரத் தாள்களில் தடித்த எழுத்தில் வருவது இந்த எண்தான். ஆனால் உங்கள் கருவி ஒரு பல்ஸோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லையே. ஒரே கண்ணில் தொடர்ந்து விழும் சராசரிப் பவருக்குத் தனி வரம்பு இருக்கிறது: 905-க்கு சுமார் 1 மில்லிவாட், 1550-க்கு 10 மில்லிவாட். விநாடிக்குப் பல ஆயிரம் பல்ஸ் அடிக்கும் கருவியில் அந்த 40,000 வெறும் 10-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் பத்து மடங்கும் லாபம்தான், மறுக்கவில்லை. வெயிலின் தொந்தரவும் 1550-ல் குறைவு. பதிலுக்கு சிலிக்கான் டிடெக்டர் (ஒளியுணர்வி) அங்கே குருடு, விலை கூடிய இண்டியம் காலியம் ஆர்சனைடு வேண்டும். தண்ணீர் உறிஞ்சுவது கண்ணுக்கு நல்லது என்றோமே, மழையில் நனைந்த பரப்பிலும் அதே தண்ணீர் உங்கள் எதிரொளியை உறிஞ்சும்.

இன்னொன்று. 2019 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியில் ஒருவர் இப்படியான ஒரு லைடாரைப் படமெடுத்தார். அப்புறம் பார்த்தால் எடுக்கும் எல்லாப் படத்திலும் ஊதாப் புள்ளிகள், சென்சார் போய்விட்டது. கண்ணைக் காத்த நீர் கேமராவுக்குள் கிடையாது. 'கண்ணுக்குப் பாதுகாப்பு' என்ற முத்திரை கண்ணுக்கு மட்டும்தான்.

இப்போது நாங்கள் மாட்டிக்கொண்ட கதை. பக்கத்தில் இருக்கும் வேறு லைடாரின் பல்ஸைப் பார்த்து எங்கள் கருவி ஏமாறக் கூடாது என்று, ஒற்றைப் பல்ஸுக்குப் பதிலாக 1 மைக்ரோ விநாடி இடைவெளியில் இரண்டு பல்ஸ் அனுப்பினோம். ஒவ்வொன்றும் வரம்பு நிறைய. பெஞ்சில் அருமையாக ஓடியது. சோதனைக்கு வந்தவர் ஆசிலோஸ்கோப் திரையில் இருந்த இரண்டு முனைகளையும் பார்த்தார், "இது ஒரே பல்ஸ்" என்றார். 905-ல் 5 மைக்ரோ விநாடிக்குள் வருவதை எல்லாம் கூட்டி ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். தரநிலையில் தெளிவாகவே இருக்கிறது, நாங்கள்தான் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டியிருந்தோம். ஆற்றலை இரண்டாகப் பிரித்தோம். மொத்தம் அதேதானே என்று தோன்றும், ஆனால் இரைச்சல் (நமக்கு வேண்டாத சிக்னல்) இரண்டு முறை உள்ளே வருகிறது. எங்கள் 200 மீட்டர் 170-க்குக் கீழே வந்துவிட்டது.

சரி, பவரைத் தொடாமல் தூரத்தை எங்கே தேடுவது?

முதலில் பல்ஸைச் சுருக்குங்கள். இந்த நேர அளவுகளில் வரம்பு ஆற்றலுக்குத்தான், உச்சப் பவருக்கு இல்லை. 0.2 மைக்ரோஜூலை 5 நானோ விநாடியில் கொடுத்தால் உச்சம் 40 வாட், 2 நானோ விநாடியில் அடைத்தால் 100 வாட். கண்ணுக்குக் கணக்கு ஒன்றே, டிடெக்டருக்கோ இரைச்சலுக்கு மேல் தலை தூக்கும் ஒரு கூரான முனை கிடைக்கிறது. லேசரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டில் கை சுடும், அது வேறு விஷயம்.

அடுத்தது ஃபில்டர். எனக்கு மிகவும் பிடித்தது இது, பலரும் கண்டுகொள்ளாததும் இதுவே. வெயிலை வடிகட்ட ஃபில்டர் குறுகலாக, அதாவது லேசரின் அலைநீளத்தை மட்டும் உள்ளே விடுவதாக இருக்க வேண்டும். ஆனால் 905 டையோடின் அலைநீளம் ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். மைனஸ் 40-லிருந்து 85 டிகிரி வரை ஓட வேண்டிய கருவியில் அது 35 நானோமீட்டருக்கு மேல். அதற்கு இடம் விட்டு ஃபில்டரை அகலமாக வைத்தால் வெயிலும் கூடவே நுழையும். விக்செல் (சிப்பின் பரப்பிலிருந்து ஒளி வெளிவரும்) வகை லேசர் டிகிரிக்கு 0.07 அளவுதான் நகரும். ஃபில்டரைக் குறுக்கலாம், கண்ணுக்கு ஒரு போட்டான்கூட அதிகம் போகாது.

லென்ஸைப் பெரிதாக்கலாம். விட்டத்தை இரட்டித்தால் இருட்டில் தூரம் இரட்டிக்கும், வெயிலில் அந்த வெளிச்சமும் நாலு மடங்கு வருவதால் 1.4 மடங்கோடு திருப்திப்பட வேண்டும்.

கற்றையை அகலமாக்கும் யோசனையும் உங்களுக்கு வந்திருக்கும். 20 மில்லிமீட்டர் கற்றையில் 7 மில்லிமீட்டர் கண்பாவைக்குள் போவது எட்டில் ஒரு பங்குதான், ஆகவே எட்டு மடங்கு ஆற்றல் தரலாமே என்று. வெறும் கண்ணுக்கு அது சரி. ஆனால் பைனாகுலரில் பார்ப்பவருக்காக 2 மீட்டர் தள்ளி 50 மில்லிமீட்டர் துளை வைத்தும் அளப்பார்கள், உங்கள் கற்றை முழுசாக அதற்குள் போய்விடும். கையில் கிடைப்பது கிளாஸ் 1 இல்லை, வெறும் கண்ணுக்கு மட்டும் பாதுகாப்பான 1எம்.

கடைசியாக, ஸ்கேன் செய்யும் கருவி என்றால் இதுவரை போட்ட கணக்கெல்லாம் கற்றையைத் திருப்பும் கண்ணாடி சுழல்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. சுழலும்போது ஒரு கண்ணில் விழுவது சில பல்ஸ்கள். மோட்டார் நின்றால் அத்தனையும் ஒரே இடத்தில். விநாடிக்கு 5,000 பல்ஸ் தாண்டினாலே 905-ன் 1 மில்லிவாட் தீர்ந்துவிடும். மோட்டார் நின்றதும் லேசரை அணைக்கும் வேலையை மென்பொருளிடம் மட்டும் விடாதீர்கள், சுழற்சியை அளக்கும் என்கோடரின் சிக்னலிலிருந்து டிரைவருக்கு நேராக ஒரு கம்பி போகட்டும். சோதனைக்காரர் கருவியைத் திறந்ததும் முதலில் செய்வது, விரலை வைத்து அந்தக் கண்ணாடியை நிறுத்திப் பார்ப்பதுதான்.